சபரிநாதனின் கைப்பக்குவம்

சந்தனம் காய்ந்தால் சிமெண்ட் ஆகிவிடும் என்பது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பல்குத்தும் குச்சியும் தேங்காய் எண்ணெயுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்தது, துடைத்ததே இல்லை. மூடியில் என் மகள் ஆதிரா ஒட்டிய வாத்து ஸ்டிக்கரின் தலை வந்துவிட்டது, உடம்பு வர மறுத்தது. கீபோர்டு இடுக்கிலிருந்த முறுக்குத் தூளைக் கொட்டிச் சேர்த்தால் இன்னொரு தீபாவளி கொண்டாடலாம். கம்பெனியிலிருந்து வந்த மெயிலில் 'பெற்றுக்கொண்ட நிலையிலேயே ஒப்படைக்கவும்' என்று போட்டிருந்தார்கள். இந்த வீட்டில் பெற்றுக்கொண்ட நிலையில் நான்கூட இல்லை. என்னை யாரும் திருப்பிக் கேட்காததால் விஷயம் வெளியே வரவில்லை.

“ஏனுங்க, சார்ஜர எங்க வச்சீங்க?”

“டிவிக்குப் பொறத்தால பாரு கண்ணு,” என்று படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. அங்கே சபரி புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

சபரி என்கிற சபரிநாதன் என் கணவர். நேரில் 'ஏனுங்க'தான், எழுதும்போது பெயர் சொன்னால் அவர் காதில் விழவா போகிறது. மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் கிளைம் பார்க்கிற வேலை அவருக்கு. ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் படித்து, இவருக்குக் கொடுக்கலாம், இவருக்குக் கூடாது, இவரிடம் இன்னும் விசாரிக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். சரவணம்பட்டியில் எங்கள் ஃபிளாட்டில் இருந்தபடியே வேலை. அதில் அவர் எடுத்த பெயரைப் பார்த்து பெங்களூர் கம்பெனி ஒன்று பெரிய பதவி கொடுத்துக் கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு இந்த லேப்டாப் ஒழுங்காகத் திரும்பிப் போய், பழைய கம்பெனி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும்.

அவர் எடுத்த பெயர் என்றேன். பெயர் அவர் எடுத்தது, வேலை நான் செய்தது.

திட்டம் போட்டு நடந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஓர் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவள். பில் எப்படிப் பிறக்கிறது, எங்கே வீங்குகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஆதிரா பிறந்ததும் வேலையை விட்டேன். அவள் நடக்க ஆரம்பித்த வருடம், ஆயுத பூஜைக்கு பைக், மிக்ஸி, காஸ் அடுப்பு, தையல் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள் லேப்டாப்பையும் திறந்தேன். திரைக்கு மேலே நட்டநடுவில் சின்னதாக ஒரு வட்டம் இருந்தது. பொட்டுக்கென்றே நெற்றியில் இடம் விட்ட மாதிரி. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமத்தையும் அழுத்தி வைத்தேன். அதுதான் கேமரா என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது உதிரவில்லை, உள்ளே இறங்கிவிட்டது.

முன்னால் உட்கார்ந்திருப்பது சபரிதானா என்று அந்தக் கேமராதான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தது. அது குருடானதும் கம்பெனிக்குப் போன் போட்டோம். “பரவால்லீங்க சார். மூஞ்சி தெரியலைன்னா என்ன, நீங்க வேல செய்யற விதத்த வச்சே மெஷின் உங்களக் கண்டுபிடிச்சிக்கும். கொஞ்ச நாள் பழகவிடுங்க, போதும்,” என்றார்கள். அந்த நேரம் பார்த்து சபரிக்குச் சிக்குன்குனியா வந்தது. விரல் மடங்கவில்லை. லீவும் மிச்சமில்லை. கட்டிலில் படுத்தபடி, “அதக் கொஞ்சம் பாத்துரு கண்ணு,” என்றார். பார்த்தேன். மெஷின் என்னோடு பழகி, இவர்தான் சபரிநாதன் என்று முடிவு கட்டிவிட்டது. காய்ச்சல் போன பிறகும் அந்த 'பாத்துரு கண்ணு' மட்டும் போகவில்லை. மீட்டிங்கில் அவர் போனில் பேசுவார். கிளைம்களை நான் பார்ப்பேன்.

பொய் எதற்கு, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆதிரா பள்ளிக்கூடம் போனதும் லேப்டாப்பைத் திறக்கும்போது, காலையிலிருந்து மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தவள் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.

கிளைம் போட்டவர்களோடு எழுத்தில் பேசலாம். கொடுக்கலாம் என்று முடிவானால் நேராகச் சொல்லிவிடுவேன். கூடாது என்று முடிவானால் மட்டும் முதலில் 'சாப்டீங்களா?' என்று கேட்பேன். வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது. சாப்பிட்டாயிற்று என்றால் விஷயத்தைச் சொல்லிவிடுவேன். இல்லை என்றால் 'சாப்ட்டுட்டு வாங்க, காத்திருக்கேன்' என்று கிளைமைத் திறந்தே வைத்திருப்பேன். உடுமலைப்பேட்டை அம்மாள் ஒருவர் இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எப்போது கேட்டாலும் 'இன்னும் இல்ல சாமி' என்பார். அந்த ஒரு கிளைமை ஏன் இன்னும் மூடவில்லை என்று மேலதிகாரி சபரியைப் பிடித்து உலுக்கி எடுத்தார். ஏன் என்று சபரிக்குத் தெரியாது. என்னிடம் அவர் கேட்கவும் இல்லை.

*

கம்பெனியிலிருந்து லேப்டாப்பை வாங்கிப் போக வந்தவள் பெயர் நஸ்ரீன். உக்கடத்துப் பெண், என்னைவிடச் சில வயது இளையவள். கையில் ஒரு காலி அட்டைப்பெட்டியும் டேப்லெட்டும் இருந்தன. வந்த வேகத்தில் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கேமரால என்னங்க்கா, மஞ்சளா?”

“பொட்டுங்க. ஆயுத பூஜைக்கு வச்சது.”

“எங்களுக்குத் திரும்பி வர்ற மெஷின்ல பாதி இப்படித்தான் வருது,” என்று சிரித்தாள். “அத விடுங்க. வாத்துக்குத் தல எங்க?”

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. காபி கலந்து கொடுத்தேன்.

“சார், மெஷின், சார்ஜர் எல்லாம் சரியா இருக்கு,” என்றாள் சபரியிடம். “கடைசியா பக்குவத்த மட்டும் மூடணும். அது முடிஞ்சா விடுவிப்பு லெட்டர் இப்பவே உங்க மெயிலுக்கு வந்துரும்.”

“பக்குவத்த மூடறதா? நான் பெட்டில வச்சு ஒட்டிக் குடுத்தா முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.”

“இது புதுசா வந்த முறை சார். இப்ப, ஒரே மாதிரி பருப்பு, ஒரே மாதிரி புளிதான், ஆனா ஒருத்தர் வைக்கற சாம்பார் மாதிரி இன்னொருத்தருக்கு வராதில்ல? கைப்பக்குவம்னு சொல்றோமே. அது மாதிரி, நீங்க எதப் பாத்தா சந்தேகப்படுவீங்க, யாருக்கு எறங்கி வருவீங்க, எப்படிப் பேசுவீங்கன்னு இந்த மெஷின் இத்தன வருசமா உங்க பக்கத்துல இருந்து பழகியிருக்கு. கம்பெனி அதுக்கு இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேர் வச்சிருக்கு. எங்க வாயில அது நுழையல. பக்குவம்னுதான் சொல்றது. நீங்க போனாலும் அது இருந்து உங்கள மாதிரியே வேல பாக்கும்.”

“அப்பறம் ஆளு எதுக்குங்க?”

“அதனாலதான் சார், இப்பல்லாம் யாரு ராஜினாமா பண்ணாலும் யாரும் தடுக்கறதில்ல.”

சபரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நஸ்ரீன் டேப்லெட்டில் பக்கங்களை விரலால் தள்ளிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினாள். “உங்க பக்குவம் எங்க ஆபீஸ்ல ரொம்பப் பேமஸ் சார். கிளைம மறுக்கறதுக்கு முன்னாடி 'சாப்டீங்களா'ன்னு கேக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான். நேரம் வீணாகுதுன்னு எங்க மேனேஜர் அத எடுத்துறப் பாத்தாரு. எடுத்தா மத்த முடிவெல்லாம் கெட்டுப் போகுது. கொதிக்கற கொழம்புலருந்து உப்ப மட்டும் எடுக்க முடியுங்களா? அப்படியே விட்டுட்டாங்க.”

“ஆமாமா, நான் எப்பவும் கேட்டுருவேன்,” என்று சபரி தலையாட்டினார். அவருக்கே அது இப்போதுதான் தெரியும்.

மூடுகிற முறையை நஸ்ரீன் விளக்கினாள். மெஷின் சில கிளைம்களைக் காட்டும். சபரி எப்போதும்போல முடிவு சொல்ல வேண்டும். பக்குவமும் தனியாக முடிவு சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் இவர்தான் அந்த ஆள் என்று மூடிக்கொள்ளும்.

“ஒத்துப்போகலைன்னா?” என்றேன் நான்.

“அதெப்படிக்கா? ஒருத்தர் அவர்கூடவே ஒத்துப்போகாம இருப்பாரா?”

சபரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். அவர் முதுகில் புதுச் சட்டை நனைவது தெரிந்தது. கொடு, மறு, விசாரி என்று தட்டிக்கொண்டே போனார். எல்லாம் முடிந்ததும் திரையில் எழுத்து வந்தது: 'இவர் சபரிநாதன் அல்ல.'

“பதட்டமா இருப்பீங்க சார். தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவ பாருங்க,” என்றாள் நஸ்ரீன்.

இன்னொரு தடவையும் அவர் சபரிநாதன் இல்லை என்றே வந்தது. பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்கிற குழந்தை மாதிரி சபரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நஸ்ரீன் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“சார், மூணாவதும் தப்பினா மெஷினே விசாரணைப் பிரிவுக்குத் தகவல் அனுப்பிரும். நான் நெனச்சாலும் நிறுத்த முடியாது. நிதானமாப் பண்ணுங்க.”

மூன்றாவது தடவை முதலில் வந்தது ஒரு குழந்தையின் காய்ச்சல் கிளைம். அனுமதித்த நாள், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் பார்வைக்கு லட்சணமாக இருந்தன. சபரியின் விரல் 'கொடு' மேல் போனது. எத்தனையோ தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கத் தெரிந்தவள்தான் நான். ஒரு தப்பான பில்லைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மட்டும் பழகவில்லை.

“அதுக்குக் குடுத்துறாதீங்க! வீட்டுக்கு அனுப்பிச்ச மறுநாளும் ஊசி போட்டதா பில்லு போட்டிருக்குது பாருங்க!”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

*

நஸ்ரீன் என்னையும் சபரியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டு வந்தாள்.

“எவ்வளவு நாளாங்க்கா?”

“இந்தப் பொட்டு வச்சதுல இருந்து,” என்றேன்.

“நான் கொஞ்சம் ஒடம்பு சரியில்லாம இருந்தேன் மேடம், அப்பத் தொட்டு...” என்று சபரி இழுத்தார்.

“சார், நான் உங்களக் கேக்கல.” அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. “நான் பாக்கற மொத வீடு இது இல்லக்கா. அண்ணன் பேர்ல தம்பி, அப்பா பேர்ல புள்ள எல்லாம் பாத்திருக்கேன். பொண்டாட்டிங்கதான் அதிகம்.”

இனி என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“நீங்க உக்காந்து மூடினா மூடிக்கும். லெட்டர் வந்துரும். பக்குவம் சார் பேர்ல கம்பெனி சொத்தா ஆயிரும். எல்லா இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பொதுவான பதிவுல ஏத்திருவாங்க. யாருக்கு வேணும்னாலும் வாடகைக்கு விடுவாங்க.”

“எனக்கு அடுத்த வாரம் ஒரு கம்பெனில தேர்வு இருக்குதுங்க. இதே வேலைக்குத்தான். எம்பட பேர்ல.”

நஸ்ரீன் உதட்டைப் பிதுக்கினாள். “அங்கயும் அந்தப் பதிவோட ஒத்துத்தான் பாப்பாங்க. நீங்க என்ன முடிவு எழுதினாலும் சாரப் பாத்துக் காப்பியடிச்ச மாதிரிதான் காட்டும்க்கா. இந்த வேலைல உங்கள யாரும் எடுக்க மாட்டாங்க. எதுக்கு எடுக்கணும், அதான் சார் இருக்காரே.”

“உண்மையச் சொல்லிட்டா?”

“ஆள் மாறாட்டம். சார் இந்தத் தொழில்லயே இருக்க முடியாது. செஞ்சது நீங்கதான்னு ஒத்துக்கிட்டதால நீங்களும் இருக்க முடியாது.” அவள் டேப்லெட்டை மூடினாள். “இன்னொண்ணும் இருக்கு. மூடறதுக்கு முன்னாடி, பழகின கை பட்டா மட்டும் 'அழி'ன்னு ஒண்ணு வரும். அழிச்சா அது யாருக்கும் இல்ல. ஆனா லெட்டரும் இல்ல. கம்பெனி சொத்த அழிச்சதா சார் மேல கேசு வரும்.”

எந்தக் கதவைத் திறந்தாலும் பின்னால் சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள்.

“நான் பால்கனில நின்னு ஒரு போன் பேசிட்டு வர்றேன்,” என்று நஸ்ரீன் எழுந்தாள். “இங்க யாரு உக்காந்தாங்கன்னு நான் பாக்கல.”

சபரி நாற்காலியை விட்டு எழுந்து எனக்குக் கொடுத்தார். உட்கார்ந்தேன். கிளைம்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தக் காய்ச்சலுக்கு 'விசாரி' போட்டேன். மற்றவற்றுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் வீட்டு அலமாரியில் கைவிட்டு எடுப்பது போல் இருந்தது. கடைசியில் மெஷின், 'வணக்கம், சபரிநாதன்' என்றது. கீழே இரண்டு பொத்தான்கள் வந்தன. ஒன்று மூடு. ஒன்று அழி.

“மூடிரு கண்ணு,” என்றார் சபரி மெதுவாக.

“எம்பட தேர்வு என்னாகறதுங்க?”

“அத அப்பறம் பாத்துக்கலாம். ஆதிராவுக்கு ஸ்கூலு இருக்குது, வீட்டு லோன் இருக்குது. எனக்கு வர்ற பேரு உனக்கு வந்த மாதிரிதான? நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுதான் என்றால் அந்த ஒன்றுக்கு ஏன் எப்போதும் அவர் பெயராகவே இருக்கிறது? இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடித்த பொய்யெல்லாம், நான் இறங்கி வந்த இடமெல்லாம், நான் இரக்கப்பட்டதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் என் பெயரில் இல்லை. யாருக்கும் இல்லாமல் போகட்டும் என்று விரலை 'அழி' பக்கம் கொண்டுபோனேன்.

வாய் தானாகக் கேட்டது.

“ஏனுங்க, நீங்க சாப்டீங்களா?”

“எங்க சாப்பிடறது,” என்றார். “காலைல இருந்து தண்ணிகூட எறங்கல கண்ணு.”

அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்து, உதடு காய்ந்து போயிருந்தது. எதற்குக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றி நஸ்ரீன் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அப்போதும் அது அவருக்கு வேறு யாரையோ பற்றிய பேச்சாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் மனுஷர் சாப்பிடவில்லை. சாப்பிடாதவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. முன்பின் தெரியாத உடுமலைப்பேட்டை அம்மாளிடமே வராதது இவரிடம் எப்படி வரும்? என்மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே 'மூடு' என்பதை அழுத்தினேன்.

சபரியின் போனில் மெயில் வந்த சத்தம் கேட்டது. நான் எழுந்துபோய் அவருக்கு இரண்டு தோசை ஊற்றினேன்.

*

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நஸ்ரீன் கிளம்பியபோது லிஃப்ட் வரை கூடப் போனேன்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன்,” என்றாள். “வீட்டு ஆளுங்களோட பேச்சும் பழக்கமும் பக்குவத்துல கலந்திருந்தா, 'இதுல என் பங்கு இருக்கு'ன்னு அவங்க பேர்ல கோரிக்க போடலாம். நல்லவேளையா அதுல சாரப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அநேகமா மறுத்துருவாங்க. ஆனா முடிவு சொல்ற வரைக்கும் அந்தப் பக்குவத்த வெளிய வாடகைக்கு விட முடியாது.”

“யாருங்க முடிவு சொல்றது?”

“கிளைம் பாக்கறவங்கதான். இதுவும் ஒரு கிளைம்தானக்கா.”

சபரி திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். நான் என் தேர்வை எழுதினேன். நன்றாகவே எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது: 'தங்களது முடிவுகள், ஏற்கெனவே பதிவாகியுள்ள திரு. சபரிநாதன் அவர்களின் முறையை முழுமையாக ஒத்துள்ளன. சுயமான அணுகுமுறை உள்ளவர்களையே நாங்கள் எதிர்பார்க்கிறோம்.' சபரியிடம் காட்டினேன். “அடப் பாவமே,” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். “அதுக்கென்ன கண்ணு, வேற வேல பாத்துக்கலாம்,” என்றார்.

அன்றைக்கே கோரிக்கையைப் போட்டேன். என் பெயர் இந்துஜா என்று எழுதும்போது கையெழுத்துப் பழகுகிற பிள்ளை மாதிரி இருந்தது. அடுத்த வாரம் ஒரு காலை, ஆதிராவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, என் போனில் உரையாடல் பெட்டி ஒன்று திறந்தது.

'வணக்கம்ங்க. உங்க கோரிக்கைய நான்தான் பாக்கறேன். சபரிநாதன் பக்குவம்.'

அடுத்த வரி வந்தது.

'சாப்டீங்களா?'

கூடாது என்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோரிக்கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. என்னிடம் வந்திருந்தால் நானும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன். என்னிடம்தான் வந்திருந்தது.

தட்டில் மூன்றாவது தோசை இருந்தது. வாயில் ஒரு விள்ளல் இருந்தது. மென்றபடியே தட்டினேன்: 'இன்னும் இல்லீங்க.'

'அப்ப மொதல்ல சாப்ட்டுட்டு வாங்க. காத்திருக்கேன்,' என்று வந்தது.

அது காத்திருக்கும். என்னை எனக்குத் தெரியாதா? மறுநாளும் கேட்டது. இன்னும் இல்லை என்றேன். அதற்கடுத்த நாளும் அதே பதில். அந்த மேனேஜர் எங்கேயோ உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருப்பார், உப்பை எடுக்க முடியாதே. அது என்னிடம் இல்லை என்று சொல்ல முடியாமலும், நான் அதை விட்டுப் போக முடியாமலும், இரண்டு பேரும் ஒரே அறைக்குள் மாட்டிக்கொண்டோம். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியது. தினமும் காலையில் பொய் சொல்வதற்காகவே நான் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதுதான் வேடிக்கை.

இன்று காலையும் வந்தது. ஆனால் வழக்கமான கேள்வி இல்லை.

'இத்தன நாளா வெறும் வயித்தோட இருந்தா ஒடம்பு என்னத்துக்குங்க ஆகும்? வீட்ல உங்களச் சாப்டியான்னு கேக்கறதுக்கு ஆளில்லீங்களா?'

பொய் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தவளுக்கு இதற்கு மட்டும் ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கேள்வியை எல்லாரிடமும் நான்தான் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்க, கடைசியில் நானேதான் வர வேண்டியிருந்தது.

“கண்ணு!” என்று உள்ளிருந்து சபரி கூப்பிட்டார். “கொஞ்சம் இங்க வாயேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். மேஜைமேல் பெங்களூர் கம்பெனியின் புது லேப்டாப் திறந்திருந்தது. கீறல் இல்லை, வாத்து இல்லை, இடுக்கில் முறுக்கு இல்லை. திரைக்கு மேலே நட்டநடுவில் அந்தச் சின்ன வட்டம் பளபளவென்று இருந்தது. சபரியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. சேர்ந்த நாளிலிருந்து கேமரா முன்னால் எல்லாவற்றையும் அவரே பார்க்க வேண்டியிருந்ததில், அவர் தூங்கின மாதிரியே தெரியவில்லை.

கையில் குங்குமச் சிமிழ் வைத்திருந்தார். பூஜை அலமாரியிலிருந்து அவரே எடுத்து வந்திருக்கிறார்.

“இன்னிக்கு வெள்ளிக்கெழமதான கண்ணு,” என்றார், குரலைத் தழைத்துக்கொண்டு. “ஆயுத பூஜை வரைக்கும் எதுக்குக் காத்துட்டிருக்கோணும்? உன் கையால ஒரு பொட்டு வச்சிரு.”

நீட்டிய சிமிழைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

“நீங்க சாப்டீங்களா?” என்றேன்.

“ஓ, இப்பத்தான் வயிறு முட்ட சாப்ட்டேன்,” என்றார் சபரி. “ஏன் கேக்கற?”